ஐம்பத்தைந்து என்றால் ஐம்பத்தைந்து

மனோர் பார்க், லண்டன்
9 மே 1989

அன்புள்ள பெனடிக்ற்,

இத்துடன் பதினைந்தாவது தாள் வருகிறது. முந்தின பதினாலுக்கும் உம்முடைய கழகத்து மேலாளர் கோர்மன் துரை வாய் திறக்கவில்லை. அவர் திறக்காவிட்டால் எனக்கென்ன, நான் பார்த்ததை எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

இந்த வீட்டில் மேல் அறையில் இருக்கும் நிர்மலாவுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்பது இரண்டு வருடமாக விளங்கவில்லை. போன கிழமை கேட்டேவிட்டாள். ஸ்கௌட் வேலை என்றேன். "அக்கா, உந்த வயசிலை சாரணியத்திலை சேர்ந்திட்டியளோ? காக்கிச் சட்டை எங்கை?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கனடாவில் ஒரு பேஸ்போல் கழகம் இருக்கிறது, நல்ல ஆட்டக்காரரைத் தேடிப் பிடிக்க அதற்கு ஊர் ஊராக ஆட்கள் இருக்கிறார்கள், லண்டனுக்கு நான் என்று விளக்கப்படுத்தினேன். "ஆள் பிடிக்கிறதோ!" என்று முகம் வெளிறிப்போய்விட்டாள். சண்டைக்குப் பெடியளைப் பிடித்துக்கொண்டு போகிற யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அதோடு விட்டுவிட்டேன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் பதினேழு வருடம் உடற்கல்வி படிப்பித்தவள், இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு அவித்த உருளைக்கிழங்கு பரிமாறுகிறவள், நாற்பத்தொன்பது வயதில் வான்ஸ்ரெட் வெளியில் மாடுகளுக்கு நடுவே ஸ்ரொப்வோச்சோடு நின்றால் யாருக்குத்தான் விளங்கும்? (ஓம், லண்டனில் வெளியில் மாடு மேய்கிறது, நம்பும்.) அந்த வெளியில் நாலு தரிப்பு வைத்து, மட்டையால் அடித்துவிட்டு ஓடுவதைக் கண்டு, இங்கேயும் எங்கள் ஊர் எல்லே ஆட்டம் விளையாடுகிறார்கள் என்று உமக்கு எழுதினேன். அது எல்லே இல்லை ரீச்சர், பேஸ்போல் என்று பதில் எழுதி, நீர் ரைப் அடிக்கிற கழகக் கந்தோரிலிருந்து புள்ளித் தாள்களும் ஸ்ரொப்வோச்சும் அனுப்பினீர். எல்லே மைதானத்தில் உமக்கு விசில் ஊதினவள் நான். இன்றைக்கு எனக்குப் பாடம் எடுக்கிறவர் நீர். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனித் தாளுக்கு வருகிறேன். பெயர் டெஸ்மன்ட். தகப்பன் ஜமேக்காக்காரர். லேய்ற்றனில் டிப்போவில் பஸ் கழுவுகிறான். வருகிற நவம்பரில் இருபத்திரண்டு முடிகிறது. அதற்குப் பிறகு உங்கள் கழகம் புது ஆள் எடுக்காது என்று நீர்தான் எழுதினீர். ஆகையால் இதுதான் அவனுக்குக் கடைசி வருடம். ஒன்பது ஞாயிறு நின்று பார்த்தேன். எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம் அல்லவா, அதனால் எறிகிறவனின் கையைவிடக் காலை முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கம். இவன் பந்தைக் குனிந்து எடுக்கும்போதே கால் எறிய வேண்டிய பக்கம் திரும்பிவிடுகிறது. வெளியின் அந்தத்திலிருந்து எறிந்தான், பந்து ஒரு தரமும் நிலத்தில் படாமல் கடைசித் தரிப்பில் நின்றவனின் நெஞ்சுக்கு வந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது. மட்டையில்தான் பொறுமை இல்லை, உயரமாக வருகிற பந்துக்கும் வீசுகிறான்.

கை 55. கால் 50. மட்டை 40. காபன் பிரதி வழக்கம் போல என்னிடம் இருக்கிறது.

மெற்றில்டா ரீச்சர்


ரொறன்ரோ
23 மே 1989

அன்பும் பயமும் கலந்த ரீச்சருக்கு,

தாள் கிடைத்தது. வாசித்ததும் தலையில் கை வைத்தேன். உடம்பு புல்லரித்தது என்று எழுதுகிறீர்கள், பிறகு கைக்கு 55 போடுகிறீர்கள்! புல்லரிக்காவிட்டால் எத்தனை போட்டிருப்பீர்கள்? இருபது முதல் எண்பது வரை இடம் தந்திருக்கிறார்கள் ரீச்சர், நீங்கள் முந்தின பதினாலு தாளிலும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பில் எனக்குப் போட்ட 58 ஐ நான் இன்னும் மறக்கவில்லை. வாத்தியார் கை எந்த நாட்டுக்குப் போனாலும் வாத்தியார் கைதான்.

கோபிக்க வேண்டாம். சந்தோசமான செய்தி ஒன்று இருக்கிறது. தாளை இங்கத்தையவர்களுக்கு விளங்குகிற மாதிரி ரைப் பண்ணிக் கோர்மனின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்து முடிக்க முன்னமே என்னைக் கூப்பிட்டார். ஒல்லாந்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிற வழியில் லண்டனில் இறங்குகிறாராம். ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் டெஸ்மன்டை நல்லாகச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுக்கச் சொல்லுங்கள்.

இது சரிவந்தால் எனக்கும் நல்லது. ரைப் அடிக்கிறவனாக எத்தனை நாள் இருப்பது? என் அகதி விசாரணையும் நவம்பரில் வருகிறது. கோர்மன் ஒரு நல்ல கடிதம் தந்தால் பெரிய பலம். என் மனைவி அஞ்சலீனா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மாணவன்,
பெனடிக்ற்


மனோர் பார்க்
12 ஜூன் 1989

பெனடிக்ற்,

எழுபது யார் போட்டது?

நேற்றுக் காலை பூசைக்கும் போகாமல் ஒன்பது மணிக்கே வெளியில் நின்றேன். கோர்மன் துரை மடக்குக் கதிரையோடு வந்தார். கையில் தாள். டெஸ்மன்டுக்குச் சொல்லியிருந்தேன், வழக்கம் போல விளையாடு, யாரும் பார்க்கவில்லை என்று நினை என்று. கேட்டானா? தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தனக்காகக் கடல் கடந்து வந்திருக்கிறார் என்றால் யார்தான் கேட்பான்? முதல் பந்தை எறிந்த எறியில் அது தரிப்பைத் தாண்டி மாட்டுக்குக் கிட்டப் போய் விழுந்தது. இரண்டாவது நல்ல எறி. மூன்றாவது அதைவிட நல்லது. ஆனால் மூன்று சுற்று முடிந்ததும் துரை கதிரையை மடக்கினார். இன்னும் ஆறு சுற்று இருந்தது!

"அம்மா, எழுபது போடக்கூடிய கையை என் வாழ்நாளில் நாலே நாலு தரம்தான் கண்டிருக்கிறேன். நீங்கள் இந்தப் பையனுக்கு எழுபது போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

"எழுபதோ? நான் எழுபது போடேல்லை!" என்று எனக்குத் தமிழ்தான் வந்தது. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். கை 70. கால் 65. மட்டை 55. அடியில் என் பெயர், வடிவாக ரைப் பண்ணி. இது என்னுடையது இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். பிள்ளை வீட்டுப்பாடம் செய்தது, நாய் தின்றுவிட்டது என்று சொல்லும் தாய்மாரைப் பார்த்து நான் அப்படிச் சிரித்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, அது எவ்வளவு கேவலமான சிரிப்பு என்று.

டெஸ்மன்ட் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பதினேழு வருடத்தில் அதிபர் சொல்லி, பாதர் சொல்லி, எம்.பி. ஆளனுப்பிச் சொல்லி ஒரு புள்ளி கூட்டாதவள் நான். உடனே பதில் எழுதும்.

மெற்றில்டா


ரொறன்ரோ
26 ஜூன் 1989

ரீச்சர்,

நான்தான் போட்டேன். வேறு யார் போடுவது?

ஆனால் அதைக் களவு என்று நான் நினைக்கவில்லை. மைலைக் கிலோமீற்றருக்கு மாற்றி எழுதினால் தூரம் கூடிவிடுமா? உங்கள் 55 யாழ்ப்பாணத்து 55. அதை இங்கத்தைய கணக்குக்கு மாற்றினேன், 70 வந்தது. மற்ற இரண்டுக்கும் அதே பதினைந்து. உங்கள் பதினாலு தாளை ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேனே, ஒன்றையாவது அந்த மனுசன் இரண்டாம் தரம் திருப்பிப் பார்த்தாரா? கைக்கு 55 என்றால் லண்டனுக்கு யார் பிளேன் ஏறுவார்? எழுபது போட்டேன், வந்தார். டெஸ்மன்டை அவர் கண்ணால் கண்டது என்னால். அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். இருபது வருடமாகச் சொல்லாதது. எட்டாம் வகுப்பில் நீங்கள் போட்ட அந்த 58 தான் வகுப்பில் கூடின புள்ளி. எங்களுக்குத் தெரியும். அடுத்தவன் சேவியருக்கு 51. ஆனால் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்காரருக்கு விடுதியில் இலவச இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த றிப்போட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். அங்கே வந்த மற்றப் பெடியளுக்கு 90, 92. அதிபர் என் றிப்போட்டை இரண்டு விரலால் பிடித்து, "விளையாட்டிலையும் அம்பத்தெட்டுத்தானோ தம்பி?" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா, "நாளைக்கு வலை இழுக்க வா" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு.

உங்கள் புள்ளி ஒருத்தனைக் கடலுக்கு அனுப்பினது. இன்னொருத்தன் வாழ்நாள் முழுக்க பஸ் கழுவட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பேசுவதாக இருந்தால் அதையும் யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

பெனடிக்ற்


மனோர் பார்க்
8 ஜூலை 1989

பெனடிக்ற்,

யோசித்தேன். நாலு நாள் யோசித்தேன். சமையலறையில் கஸ்ரட்டை அடிப்பிடிக்க விட்டு மேற்பார்வைக்காரியிடம் பேச்சும் வாங்கினேன்.

நீர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது உம்முடைய தகப்பனின் பிடிவாதம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். றிப்போட்டின் அடியில், வகுப்பில் முதலாவது என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் பிழை. அதற்கு உம்மிடமும், செத்துப்போன உம்முடைய தகப்பனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் 59 போட்டிருக்க மாட்டேன். நீர் அடித்துவிட்டு ஓடும்போது பந்தைப் பார்க்காமல், மதிலோரம் நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஓடுவீர். 58 தான். மற்றப் பள்ளிக்கூடங்கள் 92 போட்டுத் தள்ளினால் அது அவர்களுடைய வெட்கக்கேடு.

இப்போது உம்முடைய கிலோமீற்றருக்கு வருகிறேன். ஐம்பது என்றால் என்ன என்று நீர் ஆறு பக்கத்தில் எழுதி அனுப்பினீரே, அந்தக் கடிதத்தை நான் பதினொரு தரம் வாசித்தேன். ஐம்பது என்றால் மேல் மட்டத்தில் சம்பளத்துக்கு விளையாடுகிற சாதாரண ஆட்டக்காரன். ஆகவே ஐம்பத்தைந்து என்றால் அங்கே விளையாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேலான கை. அதை நான் ஒரு பஸ் கழுவுகிற பெடியனுக்குப் போட்டேன்! இரண்டு வருடத்தில் வேறு யாருக்காவது 45 க்கு மேல் போட்டேனா, பாரும். அது யாழ்ப்பாணத்து 55 இல்லை. நீர் படிப்பித்த 55. நீர் படிப்பித்தீர், நான் படித்தேன். நான் படித்துவிட்டேன் என்பதை மட்டும் நீர் நம்பவில்லை. அப்படிப்பட்ட வாத்தியாரை நான் இன்றைக்குத்தான் காண்கிறேன்.

கோர்மன் துரையிடம் போய், 70 நான் போட்டது, ரீச்சர் போட்டது 55 என்று சொல்லும். வேறொன்றும் வேண்டாம். என் பெயரை என்னிடம் திருப்பித் தாரும்.

மெற்றில்டா


ரொறன்ரோ
29 ஜூலை 1989

ரீச்சர்,

ஏலாது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் ஏலாது.

சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். நவம்பரில் விசாரணை. வேலை கொடுத்தவரின் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். பொய்த் தாள் எழுதினதற்குத் துரத்தினார்கள் என்று சொல்லவா? அஞ்சலீனாவுக்கு இது ஆறாம் மாதம். எங்களைத் திருப்பி அனுப்பினால் எங்கே போவது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கோர்மன் ஒல்லாந்தால் வந்ததும், லண்டன் அம்மாவின் தாள் இனி வேண்டாம் என்றுவிட்டார். ஸ்ரொப்வோச் கழகத்தின் சொத்தாம், திருப்பி அனுப்பச் சொல்கிறார். பதிவுத் தபாலில் போடுங்கள்.

கோபப்படாமல் யோசியுங்கள் ரீச்சர். லண்டனில் உங்களை யாருக்குத் தெரியும்? இந்த விளையாட்டில் உங்களுக்குப் பெயர் போனால் அதை அறிய அங்கே ஒரு ஆள்கூட இல்லை. இங்கே எனக்குப் போவது வாழ்க்கை.

பெனடிக்ற்


மனோர் பார்க்
15 ஆகஸ்ட் 1989

பெனடிக்ற்,

பெயர் போனால் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறீர். எனக்குத் தெரியும். அது போதாதா?

ஸ்ரொப்வோச்சைத் தர மாட்டேன். வேண்டுமென்றால் கோர்மன் துரை மடக்குக் கதிரையோடு வந்து கேட்கட்டும். வான்ஸ்ரெட் வெளிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னைக் காணலாம். அவர் வேண்டாம் என்ற பிறகும் ஐந்து ஞாயிறு போயிருக்கிறேன். மூன்று தாள் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் புள்ளி புள்ளிதான்.

என்னிடம் காபன் பிரதி இருக்கிறது என்பது உமக்குத் தெரியும். அதை ஒரு உறையில் போட்டுத் துரைக்கு அனுப்ப எனக்கு ஒரு முத்திரை போதும். இரண்டு தரம் விலாசமும் எழுதினேன். அனுப்பவில்லை. உம்முடைய விசாரணைக்காகவும் அஞ்சலீனாவுக்காகவும்தான் என்று நினைத்து ஆறுதல்பட வேண்டாம். அதுவும் உண்டு, ஆனால் அது பாதிதான். நான் சொன்னால் அது கோள். நீர் சொன்னால்தான் அது உண்மை. சொல்ல வேண்டிய வாய் உம்முடையது.

டெஸ்மன்டைத் தேடி டிப்போவுக்குப் போனேன். முதலில் தண்ணீர்க் குழாயை நிற்பாட்டவே இல்லை. பஸ்ஸுக்கு மறுபக்கம் நின்று கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன், உம்முடைய பெயர் உட்பட. குழாயை நிற்பாட்டினான். "அப்படியென்றால் என் கை உண்மையில் ஐம்பத்தைந்தா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அங்கே விளையாடுகிறவர்களில் பாதிப்பேரை விடவா?" ஓம் என்றேன். எழுபது என்று கேட்டபோது சுருங்கின முகம் ஐம்பத்தைந்துக்கு விரிந்தது, பெனடிக்ற். எழுபது தன்னுடையது இல்லை என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். இது தன்னுடையது என்று தெரிந்துகொண்டான்.

நீர் அனுப்பின கழகச் சஞ்சிகையில், செப்டெம்பர் 16 ரொறன்ரோவில் யாரும் வந்து விளையாடிக் காட்டலாம், அழைப்புத் தேவையில்லை என்று போட்டிருந்தது. அவனிடம் காட்டினேன். வருகிறான். 13 ஆம் திகதி காலை உம்முடைய வீட்டுக் கதவைத் தட்டுவான். விலாசம் கொடுத்திருக்கிறேன். உம்முடைய வீட்டில்தான் தங்குவான், உம்முடைய மேசையில்தான் சாப்பிடுவான், உம்முடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பள்ளிக்கூடத்தில் உமக்கு நான் முழங்காலில் நிற்கத் தண்டனை தந்ததில்லை. அதற்கும் சேர்த்து இது.

மெற்றில்டா


ரொறன்ரோ
18 செப்டெம்பர் 1989

அன்புள்ள ரீச்சர்,

வந்தான். நீங்கள் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளையும் கொண்டுவந்தான். அஞ்சலீனா அதில் நண்டுக் கறி வைத்தாள், கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓட ஓட இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அவளை "அக்கா" என்று கூப்பிட்டான், நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மூன்று நாள். அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தால், பூங்காவுக்கு வந்து எனக்குப் பந்து போடுங்கள் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவான். ரீச்சர், முழங்காலில் நின்றிருக்கலாம்.

சனிக்கிழமை நூற்றி நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வாசல் மேசையில் பெயர் பதிகிறவன் நான். எனக்குப் பக்கத்தில் கந்தோர்க்காரன் ஒருவன், பின்னால் கோர்மன். படிவத்தில், உங்களை அனுப்பியது யார் என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் அதை வெறுமையாக விட்டார்கள். டெஸ்மன்ட் உங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், நான் பிழையாக எழுதிவிடுவேன் என்ற மாதிரி. பக்கத்திலிருந்தவன், "யார், அந்த எழுபது அம்மாவா?" என்று சத்தமாகச் சிரித்தான். கோர்மனும் சிரித்தார். பின்னால் நின்ற நாலைந்து பேர், என்ன பகிடி என்று தெரியாமலே சிரித்தார்கள். டெஸ்மன்ட் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

நான் எழும்பினேன். தைரியம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். "எழுபது நான் போட்டது. அவ போட்டது ஐம்பத்தைந்து" என்றேன். சொன்ன பிறகுதான் தமிழில் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. திருப்பி இங்கிலீஷில் சொன்னேன். ஆக, ஒரே விசயத்தை இரண்டு பாசையில் ஒத்துக்கொண்டேன்.

கோர்மன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து ஜூன் மாதத்துப் பக்கத்தைத் தேடினார். காட்டினார். கை 55. கால் 50. மட்டைக்குப் புள்ளி இல்லை, ஒரு கோடு மட்டும். "ஐம்பத்தைந்து என்று நீ தந்திருந்தால் ஒன்பது சுற்றும் இருந்து பார்த்திருப்பேன். எழுபதைத் தேடி வந்தபடியால் எழும்பிப் போனேன்" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் அவனுக்குச் செய்தது உதவி என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரமே என்னிடமிருந்து ரைப்ரைற்றரைப் பறித்துவிட்டார்கள். துரத்தவில்லை, மைதானத்தில் புல் வெட்டுகிற பக்கம் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்குக் கடிதம் தருவாராம், ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவாராம். அஞ்சலீனா இரண்டு நாள் அழுதாள். நேற்று இரவு, "உங்கடை ரீச்சரிட்டை நானும் படிச்சிருக்கலாம்" என்றாள். அது எனக்கு ஏச்சா, உங்களுக்குப் புகழா என்று கேட்கப் பயமாக இருந்தது.

டெஸ்மன்டை எடுத்திருக்கிறார்கள்! நூற்றி நாற்பது பேரில் மூன்று பேர். ஒக்ரோபரில் புளோரிடாவில் நாலு கிழமை முகாம். அதற்குப் பிறகு வைத்திருப்பதும் அனுப்புவதும் அவன் கையில். உங்கள் தாள்களைக் கோர்மன் திரும்பவும் கேட்கிறார். நேரே அவருக்கு, உங்கள் கையெழுத்தில். உங்களுக்குத் தனியாக எழுதுவார்.

கடைசியாக ஒன்று. வேலிக்கு வெளியில் நின்று அவன் அடித்ததைப் பார்த்தேன். உயரமாக வந்த பந்தை இப்போது விட்டுவிடுகிறான், தன் பந்து வரும்வரை பொறுக்கிறான். மட்டைக்கு 45. இது நான் கூட்டினது இல்லை ரீச்சர். கண்டது.

பெனடிக்ற்


மனோர் பார்க்
30 செப்டெம்பர் 1989

அன்புள்ள பெனடிக்ற்,

உம்முடைய கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். அழுதேன். மேற்பார்வைக்காரி வெங்காயமா என்று கேட்டாள். இல்லை, என் மாணவன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வந்து உம்மைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

கோர்மன் துரையின் கடிதமும் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் காணவில்லை. தாள் அனுப்புகிறேன், ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் பதில் வர வேண்டும், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் லண்டனுக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும் என்று எழுதிப் போட்டுவிட்டேன். நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள்: "அக்கா, வலிய வந்த வேலையை ஏன் உதைக்கிறியள்?" நான் உதைக்கவில்லை, நிபந்தனை போட்டேன். பதில் வராமல் பதினாலு தாள் அனுப்பினது போதும்.

நவம்பர் விசாரணைக்கு என்னுடைய கடிதமும் தேவையென்றால் தருவேன். உம்மை எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும் என்று எழுதுவேன். நீர் செய்த பிழையையும் எழுதுவேன், அதை நூற்றி நாற்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்று சொன்னதையும் எழுதுவேன். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது நீர்.

மட்டைக்கு 45 என்கிறீர். நான் ஒன்பது ஞாயிறு நின்று பார்த்து 40 போட்டேன். என் தாளில் வெட்ட மாட்டேன், அந்த ஒன்பது ஞாயிறும் அவன் 40 தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை வேலியோரம் நின்றது நான் இல்லை, நீர். புல் வெட்டுகிறவன் தாள் எழுதக் கூடாது என்று உங்கள் கழகத்தில் சட்டம் இருந்தால், அந்தச் சட்டத்தை எனக்கு அனுப்பும், நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ஒரு வெறுந்தாள் எடும். 45 என்று எழுதும். ரைப் வேண்டாம், கையால் எழுதும். கொண்டுபோய்த் துரையின் மேசையில் என் தாளுக்குப் பக்கத்தில் வையும். அடியில் உம்முடைய பெயரைப் போடும்.

மெற்றில்டா